காஷ்மீரமும் 370ஆவது ஷரத்தும்

1949ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 17ஆம் நாள். புது டில்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியிருந்தது. ஏறக்குறைய மூன்றாண்டுக் காலம் நடந்த விவாதங்கள் முடிவை நெருங்கி, சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்புச் சட்டம் நிறைவுருப் பெறும் தறுவாயில் இருந்தது. அன்று திரு என். கோபாலசுவாமி ஐயங்கார் எழுந்து, 306-ஏ என்று எண்ணிடப்பட்ட புதிய ஷரத்து ஒன்றைப் பிரேரித்தார். ஜம்மு-காஷ்மீர் சமஸ்தானத்திற்கு மட்டும் உரிய ஷரத்து அது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மௌலானா ஹஸ்ரத் மோஹானி குறுக்கிட்டு, இந்த ஒரு சமஸ்தானத்திற்கு மட்டும் இந்த வேற்றுமை எதற்கு என்று வினவினார். ஐயங்கார் பொறுமையுடன் விடையிறுத்தார். அந்தச் சமஸ்தானத்தின் எல்லைக்குள் போர் நடந்தது. அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் போர்நிறுத்தம் ஏற்பட்டது. நிலத்தின் ஒரு பகுதி இன்னும் பகைவர் கையில் இருக்கிறது. வழக்கோ ஐக்கிய நாடுகள் சபையின் முன் சிக்கிக் கிடக்கிறது. அங்குள்ள மக்கள் தம்முடைய அரசியல் நிர்ணய சபையின் வாயிலாகத் தம் விருப்பத்தை அறிவிப்பார்கள் என்று இந்திய அரசாங்கம் வாக்களித்திருக்கிறது. ஆகவே பிற சமஸ்தானங்களைப் போல் முழுமையாக இணைவதற்கு இது இன்னும் கனியவில்லை. காலப்போக்கில் கனியும் என்பது நம் நம்பிக்கை. அவர் கூறியதன் சாரம் இதுவே. அதிக விவாதமின்றி ஷரத்து அன்றே நிறைவேறியது. எண்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது அது 370ஆவது ஷரத்து ஆயிற்று.

சொந்த மாநிலத்தை விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் வாழ்கின்ற தமிழ் நேயர்களுக்கு இவ்வரலாறு இரு வகையில் நெருக்கமானது. அந்த ஷரத்தை வரைந்த கை, தஞ்சை ஜில்லாவில் பிறந்து வடகோடியிலுள்ள இமயச் சமஸ்தானத்தை ஆறாண்டுகள் நிர்வகித்த ஒருவரின் கை என்பது ஒன்று. ஒரு நிலப்பகுதியில் உள்ளூரார் யார், வெளியூரார் யார், அதைத் தீர்மானிக்கும் உரிமை எவருக்கு உண்டு என்ற கேள்வி அந்த வரலாறு முழுவதும் ஊடுருவி நிற்பது மற்றொன்று. பிற மாநிலத்தில் வாடகைக்கு வீடு தேடிய எவருக்கும் இக்கேள்வி புதிதன்று.

ஐயங்கார் 1882இல் பிறந்தார். 1905இல் சென்னை மாகாண சிவில் சர்வீஸில் சேர்ந்து, டெபுடி கலெக்டராகத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தார். 1937இல் மகாராஜா ஹரி சிங் அவரைத் தம் சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாக நியமித்தார். 1943 வரை அப்பதவியில் இருந்தார். 1939ஆம் ஆண்டின் ஜம்மு-காஷ்மீர் அரசியலமைப்புச் சட்டம் அவர் காலத்தில் பிறந்ததே. பொறுப்பாட்சி வேண்டுமெனக் கிளர்ச்சி செய்து 1938இல் ஷேக் முகம்மது அப்துல்லா சிறை புகுந்தபோதும் பிரதம மந்திரி இவரே. பதினோராண்டு கழித்து அதே ஷேக், சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாகவும், இவர் மத்திய மந்திரியாகவும், ஒரே மேசையின் இரு புறமும் அமர்ந்து ஒரு ஷரத்தின் ஒவ்வொரு சொல்லுக்காகவும் வாதாட நேர்ந்தது. இடையில் 1948இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபைக்குச் சென்ற இந்தியத் தூதுக் குழுவுக்கும் ஐயங்காரே தலைமை வகித்தார். (ரயிலேறி ஊர் வந்து போகும் நம்மவர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ளலாம்: 1951 ஏப்ரல் 14 அன்று மூன்று ரயில்வேக்களை ஒன்றாக்கித் தெற்கு ரயில்வே அமைக்கப்பட்டபோது ரயில்வே மந்திரியாக இருந்தவர் இவர்தாம்.)

இனிச் சமஸ்தானத்தின் கதை. 1846ஆம் ஆண்டு மார்ச் 16இல் செய்துகொண்ட அமிருதசரஸ் உடன்படிக்கையின்படி, 75 லட்சம் நானக்ஷாஹி ரூபாய்க்குக் காஷ்மீரத்தை ஆங்கிலேயர் ஜம்முவின் டோக்ரா தலைவர் குலாப் சிங்கிடம் ஒப்படைத்தனர். ஆண்டுதோறும் ஒரு குதிரையும், சால்வைக்கு உரோமம் தரும் பன்னிரண்டு ஆடுகளும், மூன்று ஜோடிக் காஷ்மீர சால்வைகளும் காணிக்கை. மக்களைக் கேட்டு இவ்வியாபாரம் நடக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. காஷ்மீரப் பள்ளத்தாக்கும், ஜம்முவும், லடாக்கும், கில்கிட்டும் மொழியாலும் மதத்தாலும் வேறுபட்ட நிலங்கள். ஒரே அரசரின் குடை அவற்றை ஒன்றாக்கியது.

அரசாங்க உத்தியோகங்களில் பஞ்சாபிலிருந்து வந்தோர் நிறைந்தபோது, படித்த காஷ்மீரப் பண்டிதர்களே முதலில் குரல் எழுப்பினர். காஷ்மீரம் காஷ்மீரிகளுக்கே என்பது அவர்கள் கோரிக்கை. அதன் பயனாக 1927ஆம் ஆண்டு ஏப்ரல் 20இல் மகாராஜாவின் அறிக்கை, பரம்பரைச் சமஸ்தானக் குடிகள் யார் என்று வகுத்தது. நிலம் வாங்குதலும் அரசாங்க வேலையும் அவர்களுக்கே உரியவை ஆயின. பின்னாளில் இவ்வேற்பாடு ஒரு மதத்தாரின் சலுகை என்று பேசப்பட்டது. அதன் பிறப்பு அவ்வாறில்லை. உத்தியோகம் தேடிய இந்து இளைஞரின் மனுவிலும் ஒரு டோக்ரா அரசரின் ஆணையிலும் அது பிறந்தது.

1947 அக்டோபரில் எல்லைப்புறப் பழங்குடிப் படைகள் ஊடுருவி ஸ்ரீநகரை நெருங்கின. 26ஆம் தேதி ஹரி சிங் இணைப்புப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். மறுநாள் மவுண்ட்பேட்டன் பிரபு அதனை ஏற்றார். பாதுகாப்பு, வெளிவிவகாரம், போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்று துறைகளே இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. பத்திரத்தின் ஏழாம் பிரிவு, இந்தியாவின் எதிர்கால அரசியலமைப்பு எதனையும் ஏற்கத் தாம் இதனால் கட்டுண்டவரல்லர் என்று மன்னர் கூறுவதாக அமைந்தது. இது காஷ்மீரத்துக்கென்று தனியே எழுதப்பட்டதன்று. சேர்ந்த சமஸ்தானங்கள் எல்லாம் கையொப்பமிட்ட பொது வாசகம். ஆயினும் மற்றவை சில மாதங்களில் அதைக் கடந்து சென்றன. நம் புதுக்கோட்டை 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு கலந்தே போயிற்று. காஷ்மீரம் மட்டும் பத்திரத்தின் எல்லையிலேயே நின்றது. அங்கே போரும் நின்றபாடில்லை.

இந்நிலையில் அரசியலமைப்பின் எந்தப் பகுதி அங்குச் செல்லும், எவ்வழியாகச் செல்லும் என்பதை வகுக்க வேண்டியிருந்தது. ஐயங்கார் வகுத்த வழி எளிதாகச் சொல்லத்தக்கது. இணைப்புப் பத்திரத்தில் அடங்கிய துறைகளைப் பற்றிப் பாராளுமன்றத்தின் அதிகாரத்தை விரிக்க, ஜனாதிபதி மாநில அரசாங்கத்தோடு கலந்தாலோசித்தால் போதும். பத்திரத்துக்கு அப்பாற்பட்ட எதுவாயினும் மாநில அரசாங்கத்தின் இசைவு வேண்டும். அவ்விசைவும் இறுதியானதன்று, அம்மாநிலத்தின் அரசியல் நிர்ணய சபை கூடியதும் அதன் முன் வைக்கப்பட்டு, அச்சபையின் முடிவைப் பெற வேண்டும். கடைசியாக மூன்றாவது உட்பிரிவு: இந்த ஷரத்து இனிச் செயற்படாது என்று ஜனாதிபதி அறிவிக்கலாம், ஆனால் அதற்கு அந்த அரசியல் நிர்ணய சபையின் பரிந்துரை முன்னதாக வேண்டும்.

ஆலோசனை, இசைவு, பரிந்துரை என்று மூன்று படிகள். மூன்றும் ஒரு கேள்வியையே சுற்றி நிற்கின்றன: காஷ்மீரத்துக்காகப் பேசும் வாய் எது? பொருட்செறிவு முழுதும் அங்கேதான் இருக்கிறது. அதிகாரங்களின் பட்டியலைப் பார்த்து இவ்வளவு கொடுத்தார்கள், இவ்வளவு பிடித்துக்கொண்டார்கள் என்று கணக்கிடுவோர் இதனைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

ஷேக் அப்துல்லா இதனை நன்கு அறிந்திருந்தார். நேரு அப்போது அமெரிக்கப் பயணத்தில் இருந்தார். சர்தார் பட்டேலும் ஐயங்காரும் வாசகத்தை முடிவு செய்தனர். மாநில அரசாங்கம் என்றால் யார் என்பதை விளக்கும் குறிப்பு, முதலில், 1948 மார்ச் 5ஆம் தேதி அறிக்கையின்படி நியமிக்கப்பெற்ற மந்திரி சபையின் ஆலோசனைப்படி நடக்கும் மகாராஜா என்று இருந்தது. அந்த மந்திரி சபையின் தலைவர் ஷேக். ஷரத்து சபைக்கு வந்தபோதோ அக்குறிப்பு, அந்தந்தச் சமயத்தில் பதவியிலிருக்கும் மந்திரி சபை என்று மாறியிருந்தது. ஷேக்கும் அவர் தோழர் மிர்ஸா அப்சல் பெக்கும் திடுக்கிட்டனர். அன்றே ஷேக் ஐயங்காருக்குக் கடிதம் எழுதி, அரசியல் நிர்ணய சபையிலிருந்து விலகவும் நேரலாம் என்றார். இஃது அற்ப மாற்றமே, பொருள் மாறவில்லை என்பது ஐயங்காரின் பதில். நிர்வாக அனுபவமுள்ள ஒருவரின் பார்வையில் அது அற்பமாகவே தோன்றியிருக்கும். மந்திரி சபைகள் மாறும், சட்டம் நிலைக்க வேண்டும் அல்லவா? ஆனால் ஷேக்கின் அச்சம் வீண் அச்சமன்று என்பதை நான்கே ஆண்டுகள் காட்டின.

தன்னாட்சி ஏட்டில் மட்டும் உறங்கியது என்று எண்ணற்க. 1950 அக்டோபரில் இயற்றப்பட்ட பெருநில உடைமை ஒழிப்புச் சட்டம், ஒருவர் 182 கனால், அதாவது ஏறக்குறைய 22¾ ஏக்கர் மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்றது, மிகுதி உழுபவனுக்கு. பீகாரிலும் பிற மாநிலங்களிலும் ஜமீன் ஒழிப்பு நீதிமன்றங்களில் சிக்கி, அதற்காக 1951இல் அரசியலமைப்பையே முதன்முறையாகத் திருத்த வேண்டியிருந்தது. காஷ்மீரத்தில் சொத்துரிமை பற்றிய பிரிவு அப்போது செல்லாது. ஆகவே நில உடைமையாளருக்கு நஷ்டஈடு இல்லை என்று மாநில அரசியல் நிர்ணய சபை முடிவு செய்தது. பள்ளத்தாக்கின் குடியானவனுக்கு 370ஆவது ஷரத்து என்பது ஒரு சட்ட நுணுக்கமாக அல்ல, தன் காலடியிலுள்ள வயலாகவே தோன்றியது. நிலம் இழந்தவர்களுக்கு, அவர்களுள் பலர் ஜம்முவைச் சார்ந்தோர், அதே ஷரத்து வேறொன்றாகத் தோன்றியதில் வியப்பில்லை.

மாநில அரசியல் நிர்ணய சபை 1951 அக்டோபர் 31இல் கூடிற்று. அதன் 75 இடங்களையும் ஷேக்கின் தேசிய மாநாட்டுக் கட்சியே பெற்றது. பெரும்பாலான தொகுதிகளில் போட்டியே இல்லை. ஜனநாயகத்தின் தொடக்கம் இவ்வாறு ஒருதலையாய் இருந்தது நன்றன்று. 1952 ஜூலையில் டில்லி உடன்பாடு ஏற்பட்டது. பரம்பரை முடியாட்சி நீங்கும். மாநிலத் தலைவர் சட்டசபையால் தேர்ந்தெடுக்கப்பட்டு சதர்-இ-ரியாசத் எனப்படுவார். தேசியக் கொடியோடு மாநிலக் கொடியும் பறக்கும். எஞ்சிய அதிகாரங்கள் மாநிலத்திடமே இருக்கும். மகாராஜா என்ற சொல்லை நீக்கி சதர்-இ-ரியாசத் என்று விளக்கக் குறிப்பைத் திருத்த வேண்டி வந்தபோது, ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் 1952 செப்டம்பரில் ஓர் ஐயத்தை எழுத்தில் தெரிவித்தார்: மூன்றாம் உட்பிரிவு தரும் அதிகாரத்தை இவ்வாறு அடிக்கடி பயன்படுத்தலாமா, அன்றி, மாநில அரசியலமைப்பு முழுதும் வகுக்கப்பட்ட பின் ஒரே முறை பயன்படுத்துவதற்கு உரியதா? வழக்கறிஞராய் இருந்தவரின் கூரிய கேள்வி. ஆயினும் நவம்பரில் உத்தரவு பிறந்தது.

ஜம்முவில் பிரஜா பரிஷத் கிளர்ச்சி மூண்டது. ஒரு நாட்டில் இரண்டு அரசியலமைப்புகளும் இரண்டு கொடிகளும் இரண்டு தலைவர்களும் கூடா என்பது அதன் முழக்கம். அதற்கு ஆதரவாக அனுமதிச் சீட்டு இன்றி மாநிலத்துள் நுழைந்த டாக்டர் சியாமா பிரசாத் முகர்ஜி கைதாகி, 1953 ஜூன் 23இல் ஸ்ரீநகரில் காவலில் இருந்தபோதே காலமானார். நாடெங்கும் துயரமும் சினமும் பரவின. அதே ஆகஸ்டில் ஷேக் அப்துல்லா பதவி நீக்கம் செய்யப்பட்டுக் கைதானார்; பக்ஷி குலாம் முகம்மது பிரதம மந்திரி ஆனார். அந்தந்தச் சமயத்தில் பதவியிலிருக்கும் மந்திரி சபை இப்போது வேறொரு சபை. சட்டப்படி இசைவளிக்க அதற்குக் குறையேதும் இல்லை. ஐயங்கார் இதனைக் காணவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே அவர் காலமாகிவிட்டார்.

1954 மே 14ஆம் தேதியிட்ட ஜனாதிபதி உத்தரவு, மத்திய அரசியலமைப்பின் பல பகுதிகளை மாநிலத்துக்கு விரித்தது. அதனோடு 35-ஏ என்ற புதுப் பிரிவும் சேர்ந்தது. நிரந்தரக் குடிகள் யார், அவர்களுக்குரிய தனி உரிமைகள் எவை என்பதை மாநிலச் சட்டசபையே வகுக்கலாம் என்றது அது. 1927ஆம் ஆண்டு அறிக்கை இவ்வாறு புது ஆடை அணிந்தது. 1956 நவம்பர் 17இல் மாநில அரசியலமைப்பு ஏற்கப்பட்டது; மாநிலம் இந்திய ஒன்றியத்தின் பிரிக்கவொண்ணாத பகுதி என்று அதன் மூன்றாம் பிரிவே கூறிற்று. 1957 ஜனவரி 26இல் அது அமலுக்கு வந்தது. தன் வேலை முடிந்த அரசியல் நிர்ணய சபை கலைந்தது.

370ஆவது ஷரத்து நீங்கலாம் என்று அது பரிந்துரைக்கவில்லை. நிலைத்திருக்கட்டும் என்றும் தெளிவாகத் தீர்மானிக்கவில்லை. ஒரு பூட்டின் இரண்டாவது சாவியை வைத்திருந்தவர், ஒன்றும் சொல்லாமல் ஊரை விட்டுப் போனது போலாயிற்று. பூட்டு இனித் திறக்கவே முடியாதா? அல்லது ஒரு சாவியே போதுமா? அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் சட்ட அறிஞர்கள் இவ்விரு விடைகளுக்கும் இடையே ஊசலாடினர். ஷரத்து தற்காலிகமானது என்று தலைப்பே சொல்கிறதே என்றனர் ஒரு சாரார். சபையோடு தற்காலிகம் என்ற தன்மையும் முடிந்து ஷரத்து நிலைபெற்றுவிட்டது என்றனர் மறுசாரார். 1968இல் சம்பத் பிரகாஷ் வழக்கில், சபை கலைந்ததால் ஷரத்து ஒழிந்துவிடவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, ஜனாதிபதி மேலும் மேலும் உத்தரவுகள் பிறப்பிக்கலாம். தன்னாட்சியைக் காப்பது போலத் தோன்றிய தீர்ப்பே, அதனை அரித்தெடுக்கும் வழியையும் திறந்து வைத்தது.

அரிப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. இந்த ஷரத்து ஒரு சுரங்கப் பாதை, அதன் வழியே ஏராளமான போக்குவரத்து நடந்துவிட்டது, இனியும் நடக்கும் என்ற கருத்துப்பட உள்துறை மந்திரி குல்ஸாரிலால் நந்தா 1964 டிசம்பரில் மக்களவையில் பேசினார். அம்மாதமே ஜனாதிபதி ஆட்சி பற்றிய 356ஆவது ஷரத்தும் காஷ்மீரத்துக்குச் செல்லுபடியாயிற்று. 1965இல் சதர்-இ-ரியாசத் கவர்னர் ஆனார். பிரதம மந்திரி முதன் மந்திரி ஆனார். பெயர் மாற்றம் என்று கருதுவோர் விளக்கக் குறிப்பை மீண்டும் நோக்குக. முன்னர் மாநிலத் தலைவரைத் தேர்ந்தவர்கள் மாநிலச் சட்டசபையினர். இப்போது அவரை நியமிப்பது டில்லி. இசைவளிக்கும் வாய், இசைவு கேட்கும் வாய்க்கு ஒரு படி நெருங்கிற்று. காலப்போக்கில் மத்தியப் பட்டியலின் 97 இனங்களுள் 94உம், 395 ஷரத்துகளுள் 260உம் அங்கே செல்லுபடியாயின.

அந்த 1965இலேயே, ஹஜ் யாத்திரை முடித்துத் திரும்பிய ஷேக் அப்துல்லாவைக் கைது செய்து நம் தென்னாட்டுக்குக் கொண்டு வந்தனர். கோடைக்கானலில் ஒரு பங்களாவில் அவர் காவலில் இருந்தார். காஷ்மீரத்துச் சிங்கம் என்று புகழப்பட்டவர் பழனி மலையின் குளிரில் ஊர் நினைவோடு நடைபயின்றதைக் கண்ட முதியோர் அவ்வூரில் நெடுங்காலம் பேசியிருப்பார்கள்.

1970களில் இந்திரா காந்தி அம்மையார் ஷேக்கோடு சமரசம் நாடினார். பேச்சுவார்த்தைக்கு டில்லியின் சார்பில் அமர்ந்தவர் ஜி. பார்த்தசாரதி. அவர் கோபாலசுவாமி ஐயங்காரின் புதல்வர். எதிர்ப்புறம் அமர்ந்தவர் மிர்ஸா அப்சல் பெக்; 1949இல் தந்தையோடு வாசகத்துக்காக வாதாடிய அதே பெக். கால் நூற்றாண்டு கழித்து அதே ஷரத்து, ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறையின் கைக்கு வந்தது. 1974 நவம்பரில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 370ஆவது ஷரத்து நீடிக்கும்; ஆனால் இதுவரை விரிக்கப்பட்ட பிரிவுகள் திரும்பப் பெறப்படமாட்டா. கடிகாரத்தின் முள்ளைப் பின்னுக்குத் திருப்ப வேண்டும் என்பது பெக்கின் விருப்பம், அது நிறைவேறவில்லை. 1975 பிப்ரவரியில் ஷேக் மீண்டும் பதவியேற்றார், இம்முறை முதன் மந்திரியாக.

1989க்குப் பின் நிகழ்ந்தவற்றை விரித்துரைக்க இவ்வுரையில் இடமில்லை. ஆயுதக் கிளர்ச்சியும் அடக்குமுறையும் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டன. 1990இல் காஷ்மீரப் பண்டிதர்கள் பள்ளத்தாக்கை விட்டுப் பெருந்திரளாக வெளியேறினர். காஷ்மீரம் காஷ்மீரிகளுக்கே என்று முதலில் கேட்டவர்களின் பேரர்கள் ஜம்முவின் முகாம்களிலும் டில்லியின் வாடகை வீடுகளிலும் அகதிகளாயினர். 1953ஆம் ஆண்டுக்கு முற்பட்ட நிலை வேண்டும் என்று 2000 ஜூனில் மாநிலச் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த மாதமே மத்திய மந்திரி சபை அதை நிராகரித்தது.

குடியேறி வாழும் நமக்கு மற்றொரு பக்கமும் கண்ணிற்படாமற் போகாது. தேசப் பிரிவினையின்போது மேற்குப் பாகிஸ்தானிலிருந்து ஜம்முவுக்கு ஓடிவந்த குடும்பங்கள் மக்களவைத் தேர்தலில் வாக்களித்தன. சட்டசபைத் தேர்தலில் வாக்களிக்க முடியவில்லை. 1957இல் துப்புரவுப் பணிக்காகப் பஞ்சாபிலிருந்து வரவழைக்கப்பட்ட வால்மீகி சமூகத்தாரின் பிள்ளைகள், பட்டம் பெற்றாலும், அம்மாநில அரசாங்கத்தில் துடைப்பம் பிடிக்கும் வேலைக்கே தகுதி உடையோர் எனப்பட்டனர். வெளி மாநிலத்தவரை மணந்த பெண் தன் குடியுரிமைச் சலுகையை இழப்பாள் என்ற வழக்கத்தை 2002இல்தான் அம்மாநில உயர் நீதிமன்றம் தள்ளியது. ஒரு மக்களின் நிலத்தைக் காக்க எழுப்பிய வேலி, அவ்வேலிக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஏழைகளையும் வெளியே நிறுத்தியது. தன்னாட்சியை ஆதரித்த பலர் இதைப் பற்றிப் பேசத் தயங்கினார்கள். அத்தயக்கம் அவர்கள் வாதத்துக்கு வலுச் சேர்க்கவில்லை.

2018 ஜூனில் மாநில அமைச்சரவை கவிழ்ந்தது. நவம்பரில் சட்டசபை கலைக்கப்பட்டது. டிசம்பரில் ஜனாதிபதி ஆட்சி வந்தது. 2019 ஆகஸ்ட் 5 அன்று ஜனாதிபதி உத்தரவு ஒன்று பிறந்தது. விளக்கவுரை விதிகளைக் கொண்ட 367ஆவது ஷரத்து வழியாக, மாநில அரசியல் நிர்ணய சபை என்று 370இல் உள்ள இடத்தில் மாநிலச் சட்டசபை என்று படித்துக்கொள்க என்றது அவ்வுத்தரவு. அதற்கு மாநில அரசாங்கத்தின் இசைவு பெறப்பட்டது. மந்திரி சபை இல்லாத வேளையில் மாநில அரசாங்கம் என்றால் கவர்னர். சட்டசபையும் இல்லாமையால் அதன் இடத்தில் பாராளுமன்றம் பரிந்துரைத்தது. மறுநாள் ஷரத்து செயலிழந்ததாக அறிவிக்கப்பட்டது. மாநில முன்னாள் முதன் மந்திரிகள் உட்படப் பலர் காவலில் வைக்கப்பட்டனர், தொலைபேசிகள் ஓய்ந்தன. பணிக்காகவோ படிப்பிற்காகவோ வெளி மாநிலங்களில் இருந்த காஷ்மீரிகள் தம் பெற்றோரின் குரலைக் கேட்க நாட்கணக்கில் காத்திருந்தனர். நாட்டின் பிற பகுதிகளில், லடாக்கிலும் ஜம்முவின் பல இடங்களிலும், மகிழ்ச்சிக் கொண்டாட்டங்கள் நடந்தன. அக்டோபர் 31 முதல் மாநிலம், ஜம்மு-காஷ்மீர், லடாக் என இரண்டு யூனியன் பிரதேசங்கள் ஆயிற்று.

வழக்கு ஐந்து நீதிபதிகளின் முன் வந்தது. 2023 டிசம்பர் 11இல் தீர்ப்பு. ஷரத்து தற்காலிகமானதே, அரசியல் நிர்ணய சபை கலைந்ததால் ஜனாதிபதியின் அதிகாரம் கலையவில்லை, ஆகவே அறிவிப்புச் செல்லும் என்று நீதிபதிகள் ஒருமித்துக் கூறினர். சாவி ஒன்றே போதும் என்பது நீதிமன்றத்தின் விடை. ஆனால் அதே தீர்ப்பில், ஒரு சபையின் பெயரை மற்றொரு சபையாகப் படித்துக்கொள்ளச் சொன்ன 367ஆவது ஷரத்துவழி ஏற்பாடு செல்லாது என்றும் காண்கிறோம். விளக்கவுரை விதியைக் கொண்டு ஷரத்தையே திருத்தக் கூடாதாம். சென்ற பாதை தவறு, சேர்ந்த இடம் சரி என்பது போன்ற முடிவு. சட்டம் அறிந்தோர் இதனை இன்னும் பல்லாண்டு அலசுவார்கள் என்றே தோன்றுகிறது. மாநில அந்தஸ்தை இயன்ற விரைவில் மீட்டளிக்க வேண்டும் என்றும், 2024 செப்டம்பர் 30க்குள் தேர்தல் நடத்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறிற்று.

விசாரணையின்போது வடகிழக்கு மாநிலங்களைப் பற்றியும் கேள்வி எழுந்தது. நாகாலாந்துக்கு 1962இல் 371-ஏ, மிசோரத்துக்கு 1986இல் 371-ஜி என்ற ஷரத்துகள் உண்டு. அவர்தம் மத வழக்கம், மரபுச் சட்டம், நில உரிமை ஆகியவற்றில் பாராளுமன்றத்தின் சட்டம் அம்மாநிலச் சட்டசபை தீர்மானித்தாலன்றிச் செல்லாது. கொஹிமாவுக்கோ ஐஸாலுக்கோ வேலை நிமித்தம் சென்ற தமிழர்கள் உள்ளெல்லை அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நின்றிருப்பார்கள். அவ்வேற்பாடுகளைத் தொடும் எண்ணம் இல்லை என்று அரசாங்கத்தின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் உறுதியளித்தார். அங்கே இசைவளிக்கும் வாய், மக்கள் தேர்ந்த சட்டசபை. ஒருமுறை கூடிக் கலைந்து மறையும் சபையன்று. 1949இன் வாசகத்துக்கும் 1962இன் வாசகத்துக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே என்பது என் கருத்து.

2024 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஜம்மு-காஷ்மீரத்தில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. மேற்குப் பாகிஸ்தான் அகதிகளின் வழித்தோன்றல்களும் வால்மீகி குடும்பத்தாரும் அதில் முதன்முறையாக வாக்களித்தனர். அக்டோபர் 16இல் ஷேக்கின் பேரர் ஓமர் அப்துல்லா, ஒரு யூனியன் பிரதேசத்தின் முதன் மந்திரியாகப் பதவியேற்றார்.

லடாக்கிலோ 2019இன் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சட்டசபை இல்லாத பிரதேசத்தில் தம் நிலத்தையும் வேலைகளையும் காப்பவர் யார் என்று லே நகரத்துப் பௌத்தரும் கார்கில் முஸ்லிம்களும் ஒருங்கு கூடிக் கேட்கலாயினர். அரசியலமைப்பின் ஆறாம் அட்டவணையில் தம்மைச் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று. அஸ்ஸாம் மலைநாட்டுப் பழங்குடிகளுக்கு மாவட்ட மன்றங்களை வழங்கிய அவ்வட்டவணையை அரசியல் நிர்ணய சபை விவாதித்து ஏற்றது 1949 செப்டம்பரில். ஐயங்கார் எழுந்து 306-ஏயைப் பிரேரித்ததற்குச் சில வாரங்களுக்கு முன்பு.